உடலில் எழுதப்படுவன: பச்சைகுத்தல் பற்றிய சில புனைகதைகளை முன்வைத்து

பச்சைகுத்திக்கொள்வதும் அதனைத் தவிர்ப்பதும் தனிமனித விருப்பு வெறுப்புச் சார்ந்த விடயங்கள் என்ற கருத்துப் பொதுவாக நிலவுகின்றது. விரும்பியவர் குத்திக்கொள்கின்றார், விரும்பாதவர் விட்டுவிடுகின்றார், இதில் ஆராய்வதற்கு என்ன உண்டு என்று கேட்போரும் உளர். மனிதரின் விருப்பு வெறுப்புக்கள் வெற்றிடத்திலே தோன்றுவன அல்ல என்பதை ஏற்றுக்கொள்ளும் எவருக்கும் இவ்விடை நிறைவு தராது. ஒருவர் தம் தோலில் அழியாக் குறியொன்றை ஏற்பதும் மறுப்பதும், அக்குறியை வாசிக்கப்போகும் சமூகம் எது, அச்சமூகத்தில் அவருக்குரிய இடம் யாது என்பனவற்றோடு பிணைந்துள்ளன. இப்பிணைப்பை வெளிப்படுத்தும் ஆக்க இலக்கியங்கள் சில உலக மொழிகளில் உள்ளன. அவற்றுள் ஹேர்மன் மெல்விலின் மூன்று நூல்களை முதன்மையாகவும், ஜுனிசிரோ தனிசாகி, பிரான்ஸ் காஃப்கா ஆகியோரின் கதைகளை அவற்றோடு இயைத்தும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

தமிழ்ச் சூழலில் இப்பொருள் பற்றிப் பேசும்போது நிகழும் மயக்கம் ஒன்றை முதலிலே தெளிவுபடுத்துதல் நன்று. சங்க இலக்கியத்திற் பேசப்படும் தொய்யிலைப் பச்சைகுத்தலின் தொல்வடிவமாகக் கொண்டு பெருமைப்படுவோர் உளர். இது பொருந்தாது. தொய்யில் சந்தனக் குழம்பு முதலியவற்றால் மகளிரின் மார்பிலும் தோளிலும் எழுதப்படுவது, அழியக்கூடியது, மீண்டும் எழுதப்படக்கூடியது. பச்சைகுத்தலிலோ மைத்துணிக்கைகள் புறத்தோலைக் கடந்து உட்தோலிற் படிகின்றன. புறத்தோல் இடைவிடாது உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. உட்தோலிற் படிந்தது அங்கேயே தங்கிவிடுகின்றது. மனம் மாறினும், இடம் மாறினும், ஆட்சி மாறினும் குறி மாறாதிருப்பதற்கு இந்த உடலியல் நிலையே காரணம். சோழர்காலக் கல்வெட்டுக்களில் தேவரடியார்க்குச் சூலப்பொறி இடப்பட்ட செய்தி வருகின்றது. அது சூடிட்டு இடப்பட்ட பொறி, பச்சையன்று. ஆயினும் அழியாமை என்ற தன்மையால், தொய்யிலைக் காட்டிலும் அதுவே எமது பொருளுக்கு அண்மையானது. அழகுக்காக எழுதப்படுவது அழியலாம். உடைமைக்காக எழுதப்படுவது அழிந்துவிட்டால் உடைமையாளனுக்கு நட்டமாகும்.

மெல்வில் 1842 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அக்குஷ்நெற் என்னும் திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து தோழன் ஒருவனுடன் தப்பியோடி, மார்க்கெசாஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த நூக்கு ஹிவாவிலே தைப்பி மக்களின் பள்ளத்தாக்கிற் புகலடைந்தார். அவ்வாண்டிலேதான் பிரான்ஸ் அத்தீவுகளைத் தன் உடைமையாக்கிக்கொண்டது. பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றதை மெல்வில் நேரிற் கண்டவர். பள்ளத்தாக்கில் அவர் கழித்த காலம் ஏறத்தாழ ஒரு மாதமே. 1846 இல் வெளிவந்த 'தைப்பி' என்ற நூலில் அது நான்கு மாதங்களாக விரிகின்றது. எனவே அந்நூலைப் பயண அறிக்கையாகவன்றி, அனுபவத்தை அடித்தளமாகக் கொண்ட புனைவாகவே நாம் வாசித்தல் வேண்டும்.

நூலின் கதைசொல்லியாகிய தொம்மோ ஐரோப்பிய நாகரிகத்தின்பாற் கடுமையான விமரிசனம் உடையவன். பிரெஞ்சு ஆக்கிரமிப்பையும் கிறித்தவ மிசனரிமாரின் செயல்களையும் அவன் கண்டிக்கின்றான். மிசனரிமார் பற்றிய பகுதிகள் அதே ஆண்டில் வெளிவந்த திருத்திய அமெரிக்கப் பதிப்பில் நீக்கப்பட்டன என்பதிலிருந்து அவ்விமரிசனத்தின் கூர்மையை உணரலாம். தைப்பி மக்களிடையே பணம் இல்லை, கடன் இல்லை, சிறைச்சாலை இல்லை என்று அவன் வியக்கின்றான். இத்தகையவன் பச்சைகுத்துவோனாகிய கார்க்கியைச் சந்திக்கும் இயலில் நிகழ்வது கூர்ந்து நோக்கத்தக்கது.

கார்க்கி முதியவர் ஒருவரின் உடலில் மங்கிப்போன கோடுகளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கின்றான். சுறாவின் பல் பொருத்திய சிறு கோலைத் தோலில் நிறுத்தி, மரத்தாலான சிறு சுத்தியலால் தட்டுகின்றான். வேலையில் ஈடுபட்ட கைவினைஞனின் ஊக்கம் அவனிடத்துக் காணப்படுகின்றது. தொம்மோவின் வெண்ணிறத் தோலைக் கண்டதும், எழுதப்படாத துணியைக் கண்ட ஓவியனைப்போல் அவன் மகிழ்ச்சியடைகின்றான். தொம்மோ அஞ்சி விலகுகின்றான். இறுதியில் தன் கையைத் தருவதாக இணங்குகின்றான். கார்க்கி அதனை ஏற்கவில்லை. முகத்தையே கேட்கின்றான். பின்னர்த் தலைவன் மெஹேவியும் அதனையே வற்புறுத்துகின்றான். மணிக்கட்டிலிருந்து தோள்வரை இரு கைகளையும் தருவதாகத் தொம்மோ சொல்லியும் பயனில்லை. இதன்பின் அவனுக்குப் பள்ளத்தாக்கு வாழ்வு தாங்கொணாததாகின்றது; தப்பிச் செல்லும் வேட்கை தீவிரமடைகின்றது.

இவ்வியலை விளக்கிய திறனாய்வாளர் பலர் ஐரோப்பியனின் அச்சம், காட்டுமிராண்டி வாழ்வின் பயங்கரம் என்பவற்றையே பேசினர். கதையின் உள்ளேயுள்ள சான்று அதனிலும் நுட்பமானது. தொம்மோ நோவுக்கு அஞ்சவில்லை. அஞ்சியிருப்பின் இரு கைகளையும் தர இசைந்திரான். குறி என்பதற்கும் அவன் அஞ்சவில்லை. அக்காலத்து மாலுமிகள் கைகளிற் பச்சை குத்திக்கொள்வது வழமையாகியிருந்தது. அவன் அஞ்சியது சட்டைக் கையால் மறைக்க முடியாத இடத்தில் இடப்படும் குறிக்கு. முகம் எழுதப்பட்டால் தன் நாட்டவர்முன் மீண்டும் செல்ல முடியாது என்பதை அவனே சொல்கின்றான். எனவே தைப்பி மக்கள் அவனை எப்படி வாசிப்பார்கள் என்பது அவனுக்குப் பிரச்சினையன்று. நியூயோர்க்கில் உள்ளோர் எப்படி வாசிப்பார்கள் என்பதே பிரச்சினை. பணியாளன் கோரி-கோரியின் முகத்திற் குறுக்காக ஓடும் மூன்று பட்டைகளைக் காணும்போது சிறையின் கம்பிகளுக்குப் பின்னிருந்து பார்க்கும் கைதியின் முகம் அவன் நினைவுக்கு வருகின்றது. சிறைச்சாலையே இல்லாத சமூகத்தின் அணியை அவனாற் சிறையின் உருவகத்தைக்கொண்டே காண முடிகின்றது. ஃபயாவேயின் இதழிலுள்ள சிறு புள்ளிகளும் தோளிலுள்ள மெல்லிய கோடுகளும் மட்டும் அவனுக்கு அருவருப்பூட்டவில்லை. விரும்பத்தக்க பெண்ணின் உடல் ஐரோப்பிய நோக்குக்கு இசைவான அளவிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. நாகரிகத்தைச் சாடும் அவனுடைய தாராளவாதம் சுறாப்பல்லின் முனையில் வந்து நின்றுவிடுகின்றது.

தொம்மோவின் மறுப்பை நாம் முற்றாகப் பழிக்கின்றோம் எனக் கொள்ளற்க. விரும்பாதவனின் முகத்தில் எழுத முற்படுவது, அதனைச் செய்பவர் எவராயினும், வன்முறையேயாகும். பச்சை குத்துவது தங்கள் சமயத்தோடும் தொடர்புடையது என்பதைத் தொம்மோ உணர்கின்றான். தன்னை மதம் மாற்ற முயல்கின்றார்கள் என்று முடிவுசெய்கின்றான். மிசனரிமார் அத்தீவுகளிற் செய்யவிருந்ததை, ஒரு கணம், வெள்ளையன் ஒருவன் தன் தோலில் அனுபவிக்க நேர்கின்றது. இந்த முரண்நகையை மெல்வில் எவ்வளவு தூரம் உணர்ந்து எழுதினார் என்பது விவாதத்திற்குரியது. எழுத்தில் அது இருக்கின்றது என்பதே எமக்குப் போதும்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. எல்லா ஐரோப்பியரும் இவ்வாறு மறுத்தனரா? அடுத்த ஆண்டில், 1847 இல், வெளிவந்த 'ஓமூ' என்ற நூலிலே மெல்வில் இதற்கு விடை தருகின்றார். இந்நூல் 'தைப்பி'யைவிடக் குறைவாக வாசிக்கப்படுவது. எமது நோக்கில் அதிலே வரும் லெம் ஹார்டி என்னும் ஆங்கிலேயன் தொம்மோவினும் முக்கியமான பாத்திரம். கப்பலை விட்டு ஓடித் தீவொன்றில் வாழும் அவனது முகத்தில் காதிலிருந்து காதுவரை அகன்ற நீலப்பட்டை ஒன்று ஓடுகின்றது. நெற்றியில் நீலச் சுறா ஒன்று குத்தப்பட்டிருக்கின்றது. தானே விரும்பிக் குத்திக்கொண்டவன் அவன். கப்பலிலுள்ளோர் அவனைக் கண்டு திகைக்கின்றனர், கதைசொல்லி அருவருப்படைகின்றான். ஆயினும் அருவருப்போடு நின்றுவிடாது ஹார்டியின் வரலாற்றையும் மெல்வில் கூறுகின்றார். அவன் பெற்றோர் அறியாத அநாதை. ஊரவர் எல்லோராலும் இகழப்பட்டவன். திருச்சபை வட்டாரத்து ஏழைகள் விடுதியிலிருந்து சிறுவனாக ஓடிக் கப்பலேறியவன். துப்பாக்கி ஒன்றுடன் தீவிற் கரையேறிய அவனைத் தீவினர் போர்த்தலைவனாக்கினர். மனைவியும் நிலமும் மதிப்பும் அவனுக்குக் கிடைத்தன.

தொம்மோவையும் ஹார்டியையும் அருகருகே வைத்துப் பார்க்குமிடத்து, பச்சையை ஏற்பதையும் தவிர்ப்பதையும் தீர்மானிப்பது துணிவோ இரசனையோ அன்று என்பது தெளிவாகின்றது. தொம்மோவுக்குத் திரும்பிச் செல்ல வீடு உண்டு. முகத்தைக் காட்ட வேண்டிய உறவினர் உண்டு. அவன் வாசித்தவன், எழுதக்கூடியவன். முகம் கெட்டால் அவன் இழப்பது ஒரு வர்க்க நிலையை. ஹார்டியின் வெற்று முகம் இங்கிலாந்தில் அவனுக்கு எதையும் பெற்றுத் தரவில்லை. எழுதப்பட்ட முகம் தீவில் எல்லாவற்றையும் பெற்றுத் தந்தது. ஒருவனுக்கு மூடப்படும் கதவு மற்றவனுக்குத் திறந்திருந்ததேயில்லை. கைத்தொழிற் புரட்சிக் கால இங்கிலாந்து தன் ஏழைகளை எந்நிலையில் வைத்திருந்தது என்பதற்கு ஹார்டியின் நெற்றிச் சுறாவும் ஓர் ஆவணமாகும். வறியோர் சட்டம் பற்றிய அறிக்கைகளில் இதனைக் காண முடியாது.

நூக்கு ஹிவாவிலேயே வாழ்ந்த ஜோசப் கப்ரி என்னும் பிரெஞ்சு மாலுமியின் வரலாறு இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 1804 இல் குறூசென்ஸ்ரேர்ன் தலைமையிலான இரசியக் கப்பற்பயணக் குழுவினர் அவனை அங்கே கண்டனர். தீவுப் பெண்ணை மணந்து, முகமுட்பட உடலெங்கும் பச்சை குத்தப்பட்டவனாக அவன் இருந்தான். இரசியக் கப்பலில் அவன் தீவைவிட்டுச் செல்ல நேர்ந்தது. குறோன்ஸ்ராட்டிற் கடற்படையினர்க்கு நீச்சல் கற்பித்தான். பிரான்சுக்கு மீண்டபின் சந்தைகளிலே தன் உடலைக் காட்சிப்பொருளாக்கி வாழ்ந்து 1822 இல் வலன்சியெனில் இறந்தான். தீவிலே தகுதியின் குறியாக இருந்தது ஐரோப்பாவிலே கட்டணம் செலுத்திப் பார்க்கப்படும் விந்தையாகிவிட்டது. குறி ஒன்றே; வாசகர் மாறியபோது பொருள் மாறிவிட்டது. தொம்மோ அஞ்சியது இதற்குத்தான் எனில் அவ்வச்சம் ஆதாரமற்றதன்று.

'தைப்பி' வெளிவந்து ஐந்தாண்டுகளின் பின், 1851 இல், 'மோபி டிக்' வெளிவந்தது. மெல்வில் இதற்குள் நெடுந்தூரம் வந்துவிட்டார். குவீகுவெக் என்னும் தென்கடல் தீவின் அரசகுமாரன், முகமுட்பட உடலெங்கும் பச்சை குத்தியவன், இந்நாவலின் மிக உயர்ந்த மனிதப் பண்புடைய பாத்திரங்களுள் ஒருவன். விடுதியிலே ஒரே படுக்கையில் அவனுடன் உறங்க நேர்ந்த இஸ்மவேல் முதலில் நடுங்கினாலும், வெறிகொண்ட கிறித்தவனோடு உறங்குவதைவிட நிதானமுள்ள நரமாமிசம் உண்பவனோடு உறங்குவது மேல் என்ற முடிவுக்கு விரைவிலேயே வந்துவிடுகின்றான். கப்பலில் ஒப்பந்தப் பத்திரத்தில் ஒப்பமிடுமாறு கேட்கப்பட்டபோது, எழுத்தறியாத குவீகுவெக் தன் கையில் உள்ள குறியொன்றைப் பார்த்து அப்படியே தாளில் வரைகின்றான். மெய்யான எழுத்து அவன் உடலில் இருக்கின்றது. முதலாளிகளின் தாளில் இருப்பது அதன் பிரதி. கூலி உழைப்பின் ஒப்பந்தத்தில் ஒப்பமாக மாறும்போது அக்குறி எதை இழக்கின்றது என்பதை மெல்வில் விளக்கிச் சொல்லவில்லை. சிரிப்பூட்டும் காட்சியாகவே எழுதிச் செல்கின்றார்.

பின்னர் வரும் சவப்பெட்டி இயல் அவ்வாறன்று. நோயுற்றுத் தனக்கெனச் சவப்பெட்டி செய்வித்த குவீகுவெக், பிழைத்தெழுந்தபின் அதன் மூடியிலே தன் உடற்கோலங்களைச் செதுக்குகின்றான். அவை மறைந்துபோன தீர்க்கதரிசி ஒருவரால் எழுதப்பட்டவை எனவும், விண்ணையும் மண்ணையும் பற்றிய முழுமையான கோட்பாடும் உண்மையை அடையும் கலை பற்றிய நூலும் அவற்றில் அடங்கியுள்ளன எனவும் இஸ்மவேல் கூறுகின்றான். ஆயின் அவற்றைக் குவீகுவெக்கினால் வாசிக்க முடியவில்லை. அவனது உடலோடு அவை அழிந்துபோக விதிக்கப்பட்டவை. இதனை மெல்விலின் தத்துவ ஈடுபாட்டின் வெளிப்பாடாக மட்டும் காண்பது மரபு. எமக்கு இது வரலாற்றுச் செய்தியாகவும் படுகின்றது. 1884 இல் பிரெஞ்சு நிருவாகம் மார்க்கெசாசிற் பச்சைகுத்தலைத் தடைசெய்தது. ஐரோப்பியர் கொணர்ந்த நோய்களாலும் துப்பாக்கிகளாலும் மதுவாலும் மக்கள்தொகை வீழ்ந்து 1920களில் ஏறத்தாழ ஈராயிரமாகியது. எழுதப்பட்ட உடல்கள் ஒவ்வொன்றாகப் புதைக்கப்பட்டன. 1897-98 இல் அங்கு சென்ற ஜேர்மானிய மானிடவியலாளர் கார்ல் வொன் டென் ஸ்ரைனென் எஞ்சியிருந்த முதியோரின் உடற்கோலங்களை வரைந்தெடுத்து 1925 இல் நூலாக்கினார். 1980கள் முதல் தம் மரபை மீட்கும் மார்க்கெசாஸ் இளைஞர் அக்கோலங்களைக் கற்பதற்கு அந்நூலையும் நாட வேண்டியவராயினர். தடைசெய்த நாகரிகத்தின் நூலகத்திலிருந்தே தடைசெய்யப்பட்டதை மீளப்பெறுதல் குடியேற்ற நாடுகளின் பண்பாட்டு வரலாற்றிற் புதிதன்று. எமது ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் செல்வோரும் இதனை அறிவர்.

இஸ்மவேலும் பச்சை குத்திக்கொண்டவன் என்பதை வாசகர் பலர் கவனிப்பதில்லை. திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் அளவுகளை பாதுகாத்து வைக்க வேறு வழியில்லாமையால் வலக்கையிற் குத்திக்கொண்டதாக அவன் கூறுகின்றான். எஞ்சிய உடலைத் தான் அப்போது ஆக்கிக்கொண்டிருந்த கவிதை ஒன்றுக்காக வெறுமையாக விட்டுவைக்க விரும்பியமையால், சில அங்குலக் கணக்குகளை விட்டுவிட்டானாம். தொம்மோவின் திகில் இங்கே நகைச்சுவையாகக் கரைந்துவிட்டது. எனினும் கை, மறைக்கக்கூடிய இடம் என்பதை மறந்துவிடலாகாது. முகத்தை மெல்விலின் கதைசொல்லி எவனும் கொடுத்தானில்லை.

மெல்விலிடமிருந்து தனிசாகியிடம் செல்கையில் நாம் வேறோர் உலகிற் புகுகின்றோம். 1910 இல் வெளிவந்த 'பச்சைகுத்துவோன்' அவருடைய தொடக்ககாலச் சிறுகதை. அவருக்குப் புகழைத் தேடித் தந்ததும் அதுவே. எடோ நகரத்துப் பச்சைகுத்துவோனாகிய செய்கிச்சி, தன் வாடிக்கையாளர் நோவால் முனகுவதிற் களிப்படைபவன். தன் ஆன்மாவைப் பெய்து எழுதத்தக்க அழகிய பெண் ஒருத்தியை நெடுங்காலம் தேடுகின்றான். பல்லக்கின் திரைக்கு வெளியே தெரிந்த பாதம் ஒன்றைக் கண்டு அவளே எனத் தெளிகின்றான். அப்பெண் வேறோர் அலுவலாக அவன் வீட்டிற்கு வந்தபோது, ஆடவரை அழிக்கும் பெண்களின் ஓவியங்கள் இரண்டைக் காட்டி, அவளுடைய உள்ளம் அவற்றில் இருப்பதாகக் கூறுகின்றான். அவள் அஞ்சி, போகவிடுமாறு கெஞ்சுகின்றாள். மயக்கமருந்து கொடுத்து இரவு முழுவதும் அவள் முதுகிற் பெருஞ்சிலந்தி ஒன்றைக் குத்துகின்றான். விழித்தெழுந்த அவள் புதியவளாக, ஆடவரை வெல்பவளாக, அவனையே தன் முதற் பலியாக அறிவிப்பவளாக மாறிவிடுகின்றாள்.

இக்கதையின் மொழியழகையும் கட்டுக்கோப்பையும் மறுப்பதற்கில்லை. ஆயின் இதன் மையத்தில் உள்ளது என்ன? மறுத்த பெண்ணின் உடல்மீது அவளறியாது செய்யப்பட்ட வன்முறை. முடிவில் அவள் பெறும் 'வெற்றி' அவ்வன்முறையை நியாயப்படுத்தும் கருவியாகின்றது. அவள் உள்ளூர விரும்பியதையே அவன் வெளிக்கொணர்ந்தான் என்பது கதை எம்மை நம்பவைக்க முயலும் கருத்து. எல்லா ஆதிக்கங்களும் தம்மைப் பற்றி இவ்வாறே சொல்லிக்கொண்டன. அழகியல்வாதம் அறத்தை விலக்கிவைக்கும்போது விலக்கப்படுவது பெரும்பாலும் பிறிதொருவரின் சம்மதமாகவே இருக்கின்றது. தனிசாகியை வியந்து எழுதுவோர் இதனை ஒரு குறையாகவேனும் சுட்டுவதில்லை என்பது எமக்கு வருத்தம் தருவது.

கதை எழுதப்பட்ட காலம் அதன் களத்தினும் முக்கியமானது. 1720 முதல் குற்றவாளிகளின் உடலில் அடையாளம் குத்துவதை எடோ அரசு தண்டனையாக்கியிருந்தது. அதே நகரில் தீயணைப்போரும் பல்லக்குத் தூக்கிகளும் கூலியாட்களும் முதுகு நிறையக் கோலங்களைக் குத்திக்கொண்டனர். அரசு இழிவின் குறியாகப் பயன்படுத்திய கருவியைக் கீழ்நிலை மாந்தர் வீரத்தின் அணியாக மாற்றினர் என்பது ஜப்பானியப் பச்சைகுத்தலின் வரலாற்றில் எம்மைக் கவரும் அம்சம். மெய்ஜி அரசு 1872 இல் அதனைத் தடைசெய்தது. தடை நீங்கியது 1948 இலேயே. மேலைத்தேயத்தார் முன்னிலையில் நாகரிகமற்றவராகத் தோன்றலாகாது என்பதே தடைக்குக் காரணம். 1881 இல் ஜப்பானுக்கு வந்த பிரித்தானிய அரசகுமாரர் இருவரும், அவருள் ஒருவர் பின்னர் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர், ஜப்பானியக் கைவினைஞரிடம் பச்சை குத்திக்கொண்டு சென்றனர். எவருடைய பார்வைக்கு அஞ்சித் தடை விதிக்கப்பட்டதோ அவரே வந்து குத்திக்கொண்டார். தடை சொந்த மக்களுக்கு மட்டும் எஞ்சியது. தனிசாகியின் கதை எடோக் காலத்துக்குப் பின்னோக்கிச் செல்வதில் இத்தடைக்கு எதிரான ஏக்கமும் உண்டு. அந்த ஏக்கத்திற் கூலியாட்களின் முதுகுகள் மறைந்து ஓர் அழகியின் முதுகு மட்டும் எஞ்சிவிட்டது.

ஏறத்தாழ இதே காலத்தில் ஐரோப்பிய அறிவுலகு பச்சை குத்தியவனைக் குற்றவாளி எனத் தீர்மானித்துக்கொண்டிருந்தது. 1876 இல் குற்றவாளி மனிதன் பற்றிய தமது நூலை வெளியிட்ட இத்தாலியரான செசாரே லொம்புறோசோ சிறைக்கைதிகளின் பச்சைகளைப் பிறவிக் குற்றத்தன்மையின் சான்றாகக் கொண்டார். சிறையில் உள்ளோரின் தோலை ஆராய்ந்து, அத்தோலாலேயே சிறை சென்றனர் என்று கூறும் இவ்வாய்வுமுறை பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. வியன்னாவின் கட்டடக்கலைஞர் அடொல்ஃப் லூஸ் 'அலங்காரமும் குற்றமும்' என்ற கட்டுரையில், பச்சை குத்திக்கொள்ளும் நவீன மனிதன் குற்றவாளியாகவோ சீரழிந்த உயர்குலத்தவனாகவோ இருப்பான் என்றார். பப்புவாவினனுக்கு மட்டும் அவர் விலக்களிக்கின்றார்; அவன் இன்னும் குழந்தை என்பதால். இந்த விலக்கு குற்றச்சாட்டினும் இழிவானது.

காஃப்கா 1914 இல் எழுதி 1919 இல் வெளியிட்ட 'தண்டனைக் குடியேற்றத்தில்' என்ற கதையை இப்பின்னணியிலேயே நாம் வாசிக்கின்றோம். தீவுக் குடியேற்றமொன்றில், மீறப்பட்ட கட்டளையைக் கைதியின் உடலில் ஊசிகளால் எழுதும் பொறியொன்று இருக்கின்றது. பன்னிரண்டு மணிநேரம் எழுதிக் கொல்வது அது. ஆறாவது மணியளவிற் கைதி தன் புண்களாலேயே எழுத்தை வாசிக்கத் தொடங்குவான் என்று அதிகாரி பெருமையோடு பயணிக்கு விளக்குகின்றான். இவன் செய்த குற்றம், மேலதிகாரியின் கதவின்முன் மணிக்கொருமுறை எழுந்து வணக்கம் செலுத்தாது உறங்கிவிட்டமை. தனக்கு விதிக்கப்பட்ட தண்டனை என்னவென்று அவனுக்குச் சொல்லப்படவில்லை. அதிகாரியும் பயணியும் உரையாடுவது பிரெஞ்சு மொழியில். அதுவும் அவனுக்குப் புரியாது.

இதனைச் சமயக் குறியீடாகவும் கலைஞனின் துயராகவும் விளக்கிய உரைகள் பல. எமக்கு இக்கதை முதன்மையாகக் குடியேற்ற ஆட்சியின் கதை. பிரித்தானிய இந்தியாவில் இத்தகைய எழுத்து உண்மையிலேயே நடைமுறையில் இருந்தது. 1797 இல் வங்காளத்தில் விதிக்கப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி ஆயுட்தண்டனை பெற்றோர் முதலியோரின் நெற்றியில் குற்றத்தின் பெயர் முதலிய விவரங்கள் உள்ளூர் மொழியிற் குத்தப்பட்டன. கோத்னா என்று அழைக்கப்பட்ட இந்நடைமுறை 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்னை மாகாணத்திலும் புகுந்தது. 1849 இல் நிறுத்தப்பட்டது. கைதிகள் முடியை நெற்றிமேல் வளர்த்தும் தலைப்பாகையைத் தாழ்த்திக் கட்டியும் அதனை மறைத்துக்கொண்டனர். கிராமங்களிற் பெண்கள் அணியாக ஏற்ற ஒரு கலையை ஆட்சியாளர் தண்டனையாக்கினர். காஃப்காவின் பொறி இயங்காது சிதைகின்றது. தன் கட்டிலில் தானே படுத்த அதிகாரியை அது வெறுமனே குத்திக் கொன்றுவிடுகின்றது. கோத்னா அவ்வாறு சிதையவில்லை. சட்டத்தாற் கைவிடப்பட்டபின்னும் நெற்றிகளில் எஞ்சியிருந்தது.

உடலை அதிகாரம் வாசிக்கும் முறை எமக்கு நூல்வழி அறிந்த செய்தி மட்டுமன்று. போர்க்காலத்திற் சோதனைச் சாவடிகளில் இளைஞரின் முழங்கைகளிலும் முழங்கால்களிலும் இருந்த தழும்புகள் ஆயுதப் பயிற்சியின் சான்றாக வாசிக்கப்பட்டன. வயல் வரம்பில் வழுக்கியவனும் துவிச்சக்கர வண்டியிலிருந்து விழுந்தவனும் தன் தோலுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவனானான். 2014 ஏப்ரலில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்திறங்கிய பிரித்தானியப் பெண் ஒருவர், கையிற் புத்தரின் உருவத்தைக் குத்தியிருந்தமைக்காகத் தடுத்துவைக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டார். பக்தியாற் குத்திக்கொண்டதாக அவர் கூறியது கேட்கப்படவில்லை. அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என உயர் நீதிமன்றம் 2017 இல் தீர்ப்பளித்தது. தழும்புகளுக்காகத் தடுக்கப்பட்டோருள் எத்தனை பேர் நீதிமன்றம்வரை செல்லக்கூடியவராக இருந்தனர் என்ற வினா அத்தீர்ப்பை வாசித்தபோது எம்முள் எழுந்தது.

அதிகாரம் எழுதாத இடத்தில் மக்கள் தாமே எழுதிக்கொண்டதற்குச் சத்தீஸ்கரின் ராமநாமிகள் சான்றாவர். கோயிலுட் புக அனுமதிக்கப்படாத சாதியினரான இவர்கள் 1890கள் முதல் ராமன் என்ற பெயரை உடலிற் குத்திக்கொண்டனர். சிலர் முகமும் தலையும் உட்பட. கோயிலைப் பூட்டலாம், தோலைப் பூட்ட முடியாது. இன்று அவர்தம் இளைஞர் பலர் முழு உடலிலும் குத்திக்கொள்வதைத் தவிர்க்கின்றனர். நகரத்தில் வேலை தேடிச் செல்லுமிடத்து அக்குறி சாதியை அறிவித்துவிடும் என்பது காரணம். மூதாதையர் ஏற்றதும் பேரர் தவிர்ப்பதும் ஒரே ஒடுக்குமுறைக்கு எதிராகவேயாம். இத்தவிர்ப்பை மரபிழப்பு என்று புலம்புவோர், வேலை தருவோரின் பக்கம் திரும்பிப் பேசினால் நன்று.

அவுஷ்விற்ஸ் வதைமுகாமிலே கைதிகளின் இடக்கையில் எண்கள் குத்தப்பட்டன. யூத மறைநூல் உடலிற் பச்சை குத்துவதைத் தடைசெய்கின்றது. அவ்வகையில் அது கூடுதலான ஓர் அவமதிப்பாகவும் அமைந்தது. இத்தாலிய எழுத்தாளர் பிறிமோ லெவி 1944 பெப்ரவரியில் அங்கு கொண்டுசெல்லப்பட்டவர். 1947 இல் வெளிவந்த முதல் நூலிலேயே அவ்வெண் இடப்பட்டதைக் கூறும் அவர், இறப்பதற்கு ஓராண்டு முன் வெளியிட்ட இறுதிக் கட்டுரைத் தொகுதியில் மீண்டும் அதனிடம் வருகின்றார். நாற்பதாண்டுகளின் பின் அது தம் உடலின் ஒரு பகுதியாகிவிட்டது என்கிறார். அதைப்பற்றிப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. காட்டித் திரிவதுமில்லை, மறைப்பதுமில்லை. வெறும் ஆர்வத்தாற் கேட்போர்க்கு மனமின்றிக் காட்டுகின்றார். நம்ப மறுப்போர்க்குக் கோபத்தோடு உடனே காட்டுகின்றார். ஏன் அழித்துக்கொள்ளவில்லை என்று இளைஞர் அவரை அடிக்கடி கேட்பதுண்டு. அக்கேள்வி அவருக்கு வியப்பளிக்கின்றது. அச்சாட்சியத்தைத் தாங்கி உலகில் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே என்பது அவர் தரும் விடை.

தொம்மோவிலிருந்து இதுவரை நாம் கண்ட ஏற்பும் மறுப்பும் ஊசி படுமுன் நிகழ்ந்தவை. லெவியின் தெரிவு ஊசி பட்டபின் நிகழ்வது. குத்தப்படுவதில் அவருக்குத் தெரிவு இருக்கவில்லை, வைத்திருப்பதில் இருந்தது. எழுதியவர்கள் கணக்கெடுப்பதற்காக எழுதியதை அவர் அவர்களுக்கு எதிரான சாட்சியமாக வாசிக்கச் செய்தார். 1987 இல் அவர் இறந்தபின் தூரின் நகரத்துக் கல்லறையில் அவர் பெயரோடு 174517 என்னும் அவ்வெண்ணும் பொறிக்கப்பட்டது.